சமோசாவும் நம் கொல்லைத் தானியமும்

(கெலமங்கலம் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் மகளிர் குழுவினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அடுப்பும் சட்டியும் முறமும் சல்லடையும் மேடைமேல் இருப்பதைக் கண்டு, இன்று பேச்சு குறைவாகவும் பலகாரம் மிகுதியாகவும் இருக்குமென்று நீங்கள் எண்ணியிருக்கலாம். அந்த எண்ணத்தைக் கெடுக்க எங்களுக்கு மனமில்லை. ஆயினும், மாவு பிசைந்து ஊற வைத்தால் அரை மணி நேரம் சும்மா இருக்கத்தான் வேண்டும். அந்த அரை மணி நேரத்தை மட்டும் எங்களுக்குக் கொடுங்கள்.

நாங்கள் விடியற்காலையில் ஓசூர் பேருந்து நிலையத்தில் இறங்கி இங்கே வருவது வழக்கம். வேலை முறை மாறும் நேரமாதலால், தொழிற்சாலை வண்டிகள் வரிசையாக நின்று ஆட்களை இறக்கியும் ஏற்றியும் கொண்டிருக்கும். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை இங்கே அமைந்தது முதல், லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று ஒவ்வொரு தொழிலாக வந்து சேர்ந்தது. அண்மை ஆண்டுகளில் மின்னணுப் பொருள்களைச் செய்யும் ஆலைகள் பல்லாயிரம் இளம் பெண்களை வேலைக்கு அழைத்துக்கொண்டன. உங்கள் வீட்டுப் பெண்களும் அவர்களுள் இருப்பர். விடியுமுன் எழுந்து, முகம் கழுவி, வண்டியைப் பிடிக்க ஓடும் பெண்ணுக்குக் களி கிண்டித் தின்ன நேரம் ஏது? அவள் தேநீர்க் கடையில் ஒரு சமோசாவும் ஒரு கோப்பைத் தேநீரும் வாங்கி நின்றபடியே உண்கிறாள். சில நாள் சமோசாவுக்குப் பதில் பெங்களூர்ப் பக்கத்து ரொட்டிக் கடைகளிலிருந்து வந்த வழக்கப்படி ஒரு 'பப்ஸ்'. மதிய உணவு வரையில் அதுவே அவளுக்கு ஆகாரம்.

அவ்வாறு உண்ணும் ஒரு பெண்ணிடம் ஒருநாள் பேச்சுக் கொடுத்தோம். இந்த வட்டாரத்துப் பெண்தான். தகப்பனார் இரண்டு ஏக்கரில் கேழ்வரகு போடுகிறவர். "வீட்டில் ராகி மூட்டை இருக்கிறது, அம்மா, ஆனால் அது வீட்டில் இருக்கிறது, நான் இங்கே இருக்கிறேன்" என்றாள். அதற்கு எங்களிடம் அன்று விடை இல்லை. இன்று நாங்கள் பேசுவதெல்லாம் அந்தச் சொல்லுக்குத் தேடிய விடையே.

முதலில் அந்தச் சமோசாவில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மேலுறை மைதா. கோதுமையின் தவிட்டையும் முளையையும் நீக்கி எஞ்சிய வெண்மாவே மைதா. நார்ச்சத்தும் பெரும்பகுதித் தாதுச் சத்தும் தவிட்டோடு போய்விட்டன. உள்ளே உருளைக்கிழங்கு அல்லது வெங்காயம். உருளைக்கிழங்கு கெட்ட பொருளன்று. ஆனால் மாவுச் சத்துக்குள் மாவுச் சத்தையே வைத்து மூடினால் புரதம் எங்கிருந்து வரும்? இவ்விரண்டும் எண்ணெயில் மூழ்கி எழுகின்றன. கையளவு பெரிதான உருளைக்கிழங்குச் சமோசா ஒன்று உத்தேசமாக 250 கலோரி வெப்பம் தரும். நாற்று நடும் பெண்ணுக்கு அது பெரிதன்று. எட்டு மணி நேரம் ஓரிடத்தில் நின்றோ அமர்ந்தோ நுண்ணிய உறுப்புகளைப் பொருத்தும் பெண்ணுக்கு வெப்பம் மட்டும் கிடைத்து, இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்காமற் போவதே குறை.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையவர்கள். இந்தக் கூட்டத்தில் இருப்போரை எண்ணிப் பாருங்கள், பாதிக்கு மேல். தேநீரைப் பற்றியும் ஒரு சொல். உணவோடு சேர்த்துத் தேநீர் குடித்தால், அதிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்புச் சத்தை உடம்பு ஏற்காமல் தடுக்கும். ஆகவே சமோசாவில் எவ்வளவு நல்ல பொருளை வைத்தாலும், கையில் தேநீர்க் கோப்பை இருக்கும் வரையில் அதன் பயனில் ஒரு பகுதி வீண். உண்ட பின் ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் குடிக்குமாறு சொல்லலாம். கேட்பார்களா என்பது வேறு. எங்கள் குழுவிலேயே இருவர் கேட்பதில்லை.

"சமோசா என்றால் உருளைக்கிழங்கும் மைதாவுந்தான், அதை மாற்றினால் அது சமோசாவா?" என்று கேட்போர் உண்டு. அவர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை சொல்லவேண்டும். சமோசா நம் ஊரில் பிறந்ததன்று. பாரசீகத்திலும் நடு ஆசியாவிலும் 'சன்பூசக்' முதலிய பெயர்களால் வழங்கி, சுல்தான்களின் அடுக்களை வழியே தில்லிக்கு வந்தது. 14-ஆம் நூற்றாண்டில் முகமது பின் துக்ளக்கின் அவையில் விருந்துண்ட இபின் பதூதா என்னும் யாத்திரிகர் அதனை விவரித்திருக்கிறார். கொத்திய இறைச்சியை வாதுமை, பிஸ்தா, அக்ரூட், வெங்காயம், மசாலைப் பொருள்கள் ஆகியவற்றுடன் சேர்த்து, மெல்லிய அப்பத்தில் வைத்து மடித்து நெய்யில் பொரித்தார்களாம். அதில் உருளைக்கிழங்கு இல்லை, இருக்கவும் முடியாது. உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாகப் பிற்காலத்தில் வந்த கிழங்கு. எத்தியோப்பிய நாட்டில் இன்றும் சமோசாவுக்குள் பருப்பு வைக்கிறார்கள். உஸ்பெகிஸ்தானத்தில் 'சம்சா' என்று பெயர். அங்கே எண்ணெய்ச் சட்டியே இல்லை, தந்தூர் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுட்டு எடுக்கிறார்கள். போன ஊரிலெல்லாம் அந்தந்த ஊர் விளைவை உண்டு வளர்ந்த பலகாரம் இது. ஓசூருக்கு வந்த பின்பும் ஏன் வெளியூர் மாவையே தின்றுகொண்டிருக்க வேண்டும்?

நம் ஊர் விளைவு எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டும் கேழ்வரகு மண். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும் வரையில் இரண்டும் ஒரே மாவட்டமாய் இருந்தவை. எல்லைக்கு அப்பால் கன்னட நாட்டிலும் இதே பயிர், இதே களி. அவர்கள் 'முத்தே' என்கிறார்கள். உருட்டும் கை மட்டும் வேறு. காவேரிப்பட்டணத்தை அடுத்த பையூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் மானாவாரி நிலத்துக்கு ஏற்ற கேழ்வரகு இரகங்கள் அங்கிருந்து வந்திருக்கின்றன.

நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியிலும் கோதுமையிலும் இதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிட்டத்தட்ட இல்லை. எலும்புக்கு இதைவிடச் சிறந்த தானியம் நம் நாட்டில் விளைவதில்லை என்றே சொல்லலாம். இரும்புச் சத்தும் உண்டு. ஆனால் கேழ்வரகின் மேற்றோலிலுள்ள சில பொருள்கள் அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முளை கட்டினால் அந்தப் பிடி தளரும். நம் பாட்டிமார் குழந்தைக்குக் கேழ்வரகை முளை கட்டி, உலர்த்தி, அரைத்துக் கூழ் காய்ச்சினார்களே, அது வெறும் பழக்கமன்று.

கேழ்வரகுக் கொல்லையை நினைத்துப் பாருங்கள். இத்தனை சால் கேழ்வரகுக்கு ஒரு சால் மொச்சை என்று விட்டு விதைப்பது இந்தச் சீமையின் வழக்கம். எல்லைக்கு அப்பாலுள்ள உழவர் அதனை 'அக்கடி' என்பார்கள். கேழ்வரகு அறுவடையான பின்னும் மொச்சை நின்று காய்க்கும். பனி இறங்கும் மார்கழி, தை மாதங்களில் வீட்டுக்கு வீடு பிதுக்கம்பருப்புக் குழம்பு மணக்கும். தானியத்தில் குறைவான புரதம் பயற்றில் இருக்கிறது; பயற்றில் குறைவான சத்து தானியத்தில் இருக்கிறது. ஒரே கொல்லையில் இரண்டையும் விளைத்த முன்னோர் ஒரே வட்டிலிலும் இரண்டையும் வைத்தார்கள். எங்கள் சமோசாவுக்கு வழி காட்டியது அந்தக் கொல்லைதான். உறைக்குக் கேழ்வரகு, உள்ளே மொச்சை.

சொல்லுவதற்கு எளிது. செய்ததைக் கேளுங்கள்.

முதன்முறை நாங்கள் ஆர்வ மிகுதியால் முழுவதும் கேழ்வரகு மாவிலேயே உறை செய்தோம். தேய்க்கும்போதே விளிம்பு விண்டது. மடிக்கும்போது முதுகு வெடித்தது. எண்ணெயில் இட்டபோது பொருத்து வாய் திறந்து, உள்ளிருந்த பயறெல்லாம் வெளியேறிச் சட்டி முழுவதும் கருகியது. எண்ணெயும் கெட்டது, பயறும் கெட்டது. அன்று ஒரு குழுவின் உண்டியல் பணத்தில் சாமான் வாங்கியிருந்தோம். அந்த நஷ்டத்தை அவர்கள் தலையில் வைக்காமல் எங்கள் கைப்பணத்திலிருந்து ஈடு செய்தோம். என்றாலும் அவர்கள் முகத்தைப் பார்க்க நாணமாய் இருந்தது. காரணம் எளிது. கோதுமை மாவைப் பிசைந்தால் அதிலுள்ள பசைப் புரதம் இழை இழையாய்ப் பின்னி மாவை இழுபடச் செய்யும். கேழ்வரகில் அப்புரதம் இல்லை. இதை நாங்கள் பாடமாகப் பிறருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள். ஆனாலும் சட்டிக்கு முன் நிற்கும்போது மறந்துவிட்டோம்.

இரண்டாம் முறை உறை உடையவில்லை, சுவை உடைந்தது. உப்பையும் காரத்தையும் குறைத்து, எண்ணெயே தொடாமல் ஆவியில் மட்டும் அவித்து, பெருமையோடு ஒரு தேநீர்க் கடைக்காரரிடம் கொண்டுபோனோம். அவர் ஒன்றைத் தின்றார். சற்று நேரம் மென்றார். "இது ஆஸ்பத்திரிச் சமோசா, அம்மா! நோயாளி வந்தால் சொல்லி அனுப்புகிறேன்" என்றார். அவரோடு வந்திருந்த பையன் பாதியைத் தின்று மீதியை நாய்க்கு வைத்தான். நாயும் யோசித்தது. அன்றுதான் ஒன்றைக் கற்றுக்கொண்டோம்: வண்டியைப் பிடிக்க ஓடும் பெண் மருந்துக்காக வருவதில்லை, மொறுமொறுப்புக்கும் காரத்துக்கும் வருகிறாள். அவ்விரண்டும் இல்லையானால், எத்தனை சத்து இருந்தாலும் அது தட்டிலேயே கிடக்கும்.

பல முறை மாற்றி மாற்றிச் செய்து நிலைபெற்ற முறையை இப்போது சொல்கிறோம். எழுதத் தெரிந்தவர்கள் எழுதிக்கொள்ளலாம்.

கேழ்வரகை முளை கட்டி, நிழலில் உலர்த்தி, மணம் வரும்படி வறுத்து அரைத்துச் சலித்த மாவு இரண்டு பங்கு. தவிடு நீக்காத கோதுமை மாவு மூன்று பங்கு. கேழ்வரகு மாவில் உப்பும் கொஞ்சம் ஓமமும் சேர்த்து, கொதிக்கின்ற நீரை ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறி மூடி வையுங்கள். கொழுக்கட்டைக்குச் செய்வது போலவே. வெந்நீரில் மாவு பாதி வெந்து பசைத்தன்மை பெறும். கேழ்வரகில் இல்லாத இழுப்பை இவ்வாறு ஓரளவு ஈடு செய்கிறோம். பத்து நிமிடம் கழித்துக் கை பொறுக்கும் சூட்டில் கோதுமை மாவையும் ஒரு கரண்டி எண்ணெயையும் சேர்த்து நன்றாக அழுத்திப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் விடவேண்டும். கடைகளில் உறை மொறுமொறுப்பாக வேண்டுமென்று வனஸ்பதியை உருக்கி ஊற்றுவார்கள். அது வேண்டாம். வனஸ்பதி போன்ற கொழுப்புகளில் தோன்றும் மாறுபட்ட கொழுப்பு இருதயத்துக்குத் தீங்கு என்பதனால், 2022 ஜனவரி முதல் அதன் அளவு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் போகக்கூடாதென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரையறுத்திருக்கிறது. நம்மிடம் கடலை எண்ணெய் இருக்கும்போது அந்தத் தொல்லையே எதற்கு?

உள்ளே வைக்கும் பூரணத்துக்கு மொச்சை. பச்சை மொச்சைக் காலமானால் ஊறவைத்துப் பிதுக்கி வேகவைத்தால் போதும். காய்ந்த மொச்சையானால் இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குழைய வேகவையுங்கள். அரைவேக்காட்டு மொச்சை வயிற்றுக்கு ஆகாது. இதில் அவசரம் கூடாது. மொச்சை விலை ஏறிய மாதங்களில் முளை கட்டிய கொள்ளை வேகவைத்து ஒன்றிரண்டாக மசித்துக்கொள்ளலாம். நம் கரட்டு நிலத்தில் கொள்ளு என்றும் உண்டு. நூறு கிராமில் இருபது கிராமுக்கு மேல் புரதம் உள்ள பயறு அது. இதனோடு பொடியாய் நறுக்கிய வெங்காயம், ஒரு கைப்பிடி முருங்கைக் கீரை, இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், தனியாத் தூள், சோம்பு. சோம்பை விட்டுவிடாதீர்கள், தேநீர்க் கடைச் சமோசாவின் மணம் என்று நாம் நினைப்பதில் பாதி அதுதான். வாணலியில் ஒரு கரண்டி எண்ணெயில் வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, மற்றவற்றைச் சேர்த்து, ஈரம் சுண்டும் வரை கிளறவேண்டும். ஈரம் இருந்தால் உள்ளே நீராவி பெருகி உறையை வெடிக்கச் செய்யும். இறக்கி ஆறிய பிறகு எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். புளிப்புச் சுவைக்கு மட்டும் அன்று. எலுமிச்சையிலுள்ள வைட்டமின் சி பயற்றின் இரும்புச் சத்தை உடம்பு ஏற்க உதவும். சூட்டில் பிழிந்தால் அந்த வைட்டமின் பெரும்பகுதி அழியும்.

இனி வேகவைக்கும் வகை. இங்கேதான் நாங்கள் அதிகம் யோசித்தோம்.

ஊரில் ரொட்டிக் கடை இருந்தால் மிக நல்லது. ரொட்டி சுட்டு முடித்த பின்பும் அந்தப் பெரிய அடுப்பில் நீண்ட நேரம் சூடு தங்கியிருக்கும். அந்தச் சூடு யாருக்கும் பயன்படாமல் வீணாகிறது. கடைக்காரரோடு பேசி, தட்டுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து அந்தச் சூட்டைக் கேட்டுப் பாருங்கள். மேலே பஞ்சால் எண்ணெய் தொட்டுத் தடவி இருபத்தைந்து நிமிடம் வைத்தால் உஸ்பெகிஸ்தானத்துச் சம்சாவைப் போலவே சுட்டு வரும். நாங்கள் கேட்ட ஒரு கடைக்காரர் முதலில் சிரித்தார். இப்போது அவரே தம் கடைக்கும் இருபது கேட்கிறார்.

ரொட்டிக் கடை இல்லாத ஊரில், இட்டலிப் பானையில் பத்து நிமிடம் அவித்து, ஆறவிட்டு, பிறகு தோசைக்கல்லில் மூன்று பக்கமும் எண்ணெய் விட்டு முறுக வாட்டுங்கள். முன்னே சொன்ன ஆஸ்பத்திரிச் சமோசாவைக் காப்பாற்றியது இந்த இரண்டாம் வாட்டுதான். நாலு சமோசாவுக்கு இரண்டு சிறு கரண்டி எண்ணெய் போதும்.

பொரித்தே ஆகவேண்டும் என்று வாடிக்கைக்காரர் கேட்டால் பொரிக்கலாம். அதற்கு நாங்கள் பகைவர் அல்லோம். ஆனால் நன்றாகக் காய்ந்த எண்ணெயில் சிறிது சிறிதாகப் போடவேண்டும். காயாத எண்ணெயில் போட்டாலும், ஒரேயடியாய் நிறையப் போட்டுச் சூட்டை இறக்கினாலும், உறை இறுகுவதற்குள் எண்ணெயைக் குடித்துவிடும். இன்னொன்று: மைதாச் சமோசா பொன்னிறம் கண்டதும் எடுக்கிறோம். கேழ்வரகு பிறக்கும்போதே செந்நிறம். கண்ணை நம்பினால் ஒன்று பச்சையாய் எடுப்பீர்கள், அல்லது கருக்கிவிடுவீர்கள். காதை நம்புங்கள். சட்டியில் எழும் சலசலப்பு தணிந்து குமிழிகள் அடங்கும்போது உள்ளீரம் போயிற்றென்று பொருள். அப்போது எடுக்கவேண்டும். எத்தனை எண்ணெய் குடித்தது என்றறிய ஒரு வழி: தொடங்குமுன் சட்டி எண்ணெயை நிறுத்து எழுதுங்கள், நூறு சமோசா பொரித்தபின் மறுபடி நிறுத்து, குறைந்ததை நூறால் வகுங்கள். ஒரு வாரம் இவ்வாறு எழுதினால் உங்களுக்கே தெரியும். எண்ணெய் மிச்சமானால் உடல்நலம் மட்டும் அன்று, பணமும் மிச்சம்.

எண்ணெயைப் பற்றி இன்னும் கண்டிப்பாகவே பேசவேண்டியிருக்கிறது. நேற்றைய எண்ணெயில் இன்றைய எண்ணெயை ஊற்றி, நாளைக்கும் அதையே காய்ச்சுவது நம் பக்கத்துக் கடைகளில் பெருவழக்கம். மீண்டும் மீண்டும் கொதித்த எண்ணெயில் உடலுக்கு ஒவ்வாத பொருள்கள் பெருகுகின்றன. அவ்வாறு சிதைந்த பொருள் நூற்றுக்கு 25 பங்குக்கு மேல் போன எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாதென்று 2018 ஜூலை முதல் விதி உள்ளது. நம்மிடம் அதை அளக்கும் கருவி இல்லை. எண்ணெய் கறுத்துப் பிசுபிசுத்தால், நுரை அடங்காமல் நின்றால், பண்டம் போடுமுன்பே புகைந்தால், அதைக் கொட்டிவிடவேண்டும். சாக்கடையில் கொட்டவேண்டாம், பழைய எண்ணெயைச் சேகரித்து மோட்டார் எரிபொருளாக மாற்றும் ஏற்பாட்டை அதே ஆண்டில் ஆணையம் தொடங்கியது. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரைக் கேட்டால் வாங்குவோரைச் சொல்லுவார். கேழ்வரகையும் மொச்சையையும் வைத்து மடித்து, கறுத்த எண்ணெயில் இட்டால், பட்ட பாடெல்லாம் அந்தச் சட்டியில் முடிந்துபோகும். அதைவிட நல்ல எண்ணெயில் பொரித்த மைதாச் சமோசாவே மேல் என்று நாங்கள் துணிந்து சொல்லுவோம்.

விற்பனைக்கு வருவோம். இந்த மண்ணில் மகளிர் குழுவுக்குப் பெருமை வாய்ந்த பிறப்பு உண்டு. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு சுய உதவிக் குழுக்களை முதலில் தொடங்கியது 1989-இல், அன்றைய தருமபுரி மாவட்டத்தில். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அதற்குள் அடங்கியிருந்தன. இந்த அவையில் நரைத்த தலையோடு அமர்ந்திருக்கும் சிலர் அந்நாளில் முதற் சேமிப்புப் பணத்தை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தவர்கள் என்று அறிகிறோம். அன்று வட்டிக்காரனிடமிருந்து மீண்டீர்கள். ஆயினும் குழுக் கடன் வாங்கி, மைதாவும் பனை எண்ணெயும் வெளியூரிலிருந்து வாங்கி, பலகாரம் செய்து, நம் பெண்களுக்கே விற்பதில் ஏதோ ஒன்று பொருந்தவில்லை. வீட்டுக் கேழ்வரகு மூட்டை மூட்டையாய் வெளியே போகிறது. 2025–26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். அதே கேழ்வரகு பட்டணத்தில் அழகிய பெட்டிக்குள் புகுந்து 'சிறுதானியத் தின்பண்டம்' என்று பெயர் சூட்டிக்கொண்டு பன்மடங்கு விலைக்கு நம்மிடமே திரும்பி வருகிறது. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது முதல் இந்த வியாபாரம் இன்னும் ஓங்கியிருக்கிறது. அதே ஆண்டில் நம் அரசு நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அட்டைதாரருக்கு இரண்டு கிலோ அரிசிக்கு மாற்றாக இரண்டு கிலோ கேழ்வரகு நியாய விலைக் கடையில் கொடுக்கத் தொடங்கியது. உணவாகக் கேழ்வரகு திரும்புகிறது. பலகாரமாகத் திரும்பவும் இடமுண்டு.

விலையை ஏற்றிவிடாதீர்கள். "ராகி" என்ற சொல்லுக்காக இரட்டை விலை வைத்தால், காரில் வருகிறவர் வாங்குவார். கம்பெனி வண்டியில் வருகிற பெண் வாங்கமாட்டாள். நாம் யாருக்காகத் தொடங்கினோமோ அவள் கைக்கு எட்டவேண்டும். வீட்டு விளைவையே குழு வாங்கி, முளை கட்டி, அரைத்துக்கொண்டால் அளவில் சற்றுச் சிறியதாகச் செய்து கடைச் சமோசாவின் விலைக்கே கொடுக்க முடிகிறது. எங்களோடு செய்து பார்த்த குழு அப்படித்தான் கொடுத்துவருகிறது. இலாபம் பெரிதில்லை; நஷ்டமும் இல்லை. ஒரு தொழிற்சாலைச் சிற்றுண்டிச் சாலைக்குக் கேட்டு எழுதினோம். மாதிரி வாங்கித் தின்றார்கள், நன்றாயிருக்கிறது என்றார்கள், பதில் மட்டும் வரவில்லை. அதற்காகச் சோர்ந்துவிடாமல் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடைகளையே பற்றிக்கொண்டோம்.

பெயரிலும் நேர்மை வேண்டும். ஒரு பிடி கேழ்வரகு மாவைத் தூவி, நிறத்துக்கு வெல்லப்பாகு கலந்து 'ராகிச் சமோசா' என்று விற்பவர்கள் இப்போதே கிளம்பிவிட்டார்கள். கேட்பவரிடம், "பாதிக்குச் சற்றுக் குறைவாக ராகி, மீதி கோதுமை" என்று உள்ளபடி சொல்லுங்கள். நீரிழிவு உடையவர் வந்து, "ராகியாயிற்றே, எத்தனை வேண்டுமானாலும் தின்னலாமா?" என்று கேட்பார். கூடாது என்று சொல்லவேண்டும். கேழ்வரகிலும் மாவுச் சத்துத்தான் மிகுதி. ஒன்று போதும், அதுவும் உணவுக்கு முன்னோடியே தவிர உணவன்று. உணவுத் தொழிலுக்குரிய பதிவைக் குழுவின் பெயரில் செய்துகொள்வது அவசியம். செய்தித்தாளில் பொட்டலம் கட்டுவதை விதி தடுத்திருக்கிறது. அச்சு மை சூடான எண்ணெயில் கரைந்து பண்டத்தோடு வயிற்றுக்குள் போகும். வாழை இலை நறுக்கு இருக்கிறது, மந்தாரை இலை இருக்கிறது. இரண்டும் இந்தப் பக்கத்தில் கிடைக்காத பொருள்கள் அல்ல.

அந்தத் தேநீர்க் கடைக்காரரை மறுபடி கண்டோமா என்று முன்வரிசையில் ஒருவர் கேட்கிறார். கண்டோம். வாட்டிய சமோசாவைத் தின்றார், ஒன்றும் சொல்லவில்லை; மறுநாள் ஐம்பது வேண்டுமென்றார். அவற்றுள் பதினொன்று விற்காமல் திரும்பின. இப்போது திரும்புவது இரண்டோ மூன்றோ. கேழ்வரகு மூட்டையைப் பற்றிச் சொன்ன பெண்ணை அதே கடையில் ஒருநாள் பார்த்தோம். இன்னும் காரம் வேண்டுமாம். அவளுக்காகப் பச்சை மிளகாயை ஒன்று கூட்டியிருக்கிறோம், நீங்களும் கூட்டிக்கொள்ளுங்கள்.

அரை மணி நேரம் ஆகிவிட்டது. மாவு இளகியிருக்கும், பூரணமும் ஆறியிருக்கும். இட்டலிப் பானையில் தண்ணீர் கொதிக்கிறது. முதலில் மடித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் கையைக் கழுவிக்கொண்டு முன்னே வாருங்கள். பொருத்து வாயை ஒட்டக் கோதுமைப் பசை அந்தச் சிறு கிண்ணத்தில் இருக்கிறது.